கெர்னலின் அடுக்குத் தடமும் அதில் நேர்ந்த பிழையும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் மின்னணு நகரத்தையும் பொம்மசந்திராவையும் கடந்ததும் சந்தாபுரா என்னும் ஊர் எதிர்ப்படுகின்றது. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரிலிருந்து ஆனேக்கலுக்குச் செல்லும் சாலை பிரிகின்றது. தமிழ்நாட்டின் எல்லை இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லையாதலின், கடைவீதியில் கன்னடத்தோடு தமிழும் கலந்து ஒலிப்பதில் வியப்பில்லை. 1978ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், அதன் தலைவராயிருந்த ஆர். கே. பாலிகாவின் முயற்சியால், 332 ஏக்கர் நிலத்தில் மின்னணு நகரத்தை அமைத்தது. அந்நகரத்தில் பணிபுரிவோர் பலர் இன்று சந்தாபுராவில் குடியிருந்து நாள்தோறும் அங்குச் சென்று வருகின்றனர்.

காலை வேளையில் இச்சாலையில் வண்டிகள் தேங்கி நிற்பதைக் காண்போர், நெரிசலுக்குக் காரணம் யாது என்று வினவுவர். வண்டி நிற்கும் இடத்தை எவரும் சுட்டிக் காட்டிவிடலாம். ஆனால் நிற்கும் இடம் ஒன்று, நிற்கச் செய்த இடம் மற்றொன்று. சந்தாபுரா நாற்சந்தியில் நிற்கும் வண்டி எங்கிருந்து புறப்பட்டு, எவ்வழியே வந்து சேர்ந்தது என்பது தெரிந்தாலொழிய நெரிசலின் காரணம் விளங்காது. கணிப்பொறியின் வேகத்தை ஆராயும் நிபுணர்கள் எதிர்நோக்கும் பிரச்சினையும் ஏறக்குறைய இத்தகையதே.

கணிப்பொறியில் இயங்கும் நிரல்கள் யாவற்றுக்கும் அடியில் நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, வட்டிலிருந்து தகவலைப் படித்து, வலையமைப்பின் வழியே செய்திகளை அனுப்பும் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். லினக்ஸ் கெர்னலைப் பற்றியே இங்குக் கூறப்படும். சென்னையிலுள்ள சி-டாக் நிலையத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் பாரத இயக்கத் தொகுதியும் இக்கெர்னலின் மீதே அமைந்தது. 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல், உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகள் அனைத்தும் இதனையே உபயோகிக்கின்றன. எனவே கெர்னலில் வீணாகும் நேரம் சிறு பின்னமேயாயினும், நாடெங்குமுள்ள யந்திரங்களின் கணக்கில் அது பெருந்தொகையாகிவிடும்.

அந்த நேரம் எங்கே செல்கின்றது என்பதைக் காண ஒரு வழி உண்டு. மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுபோல, ஒரு நொடியில் சில முறை செயலியைத் திடீரென நிறுத்தி, அக்கணத்தில் அது எந்தச் செயற்கூறில் இருக்கின்றது என்று குறித்துக்கொள்வதே அவ்வழி. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த 2.6.31 ஆம் பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இதற்கான கருவி இடம்பெற்றுள்ளது. அதன் பெயர் ‘பெர்ஃப்’. நொடிக்கு 99 முறை மாதிரி எடுப்பது பலரது வழக்கம். 100 என்று வைத்தால் என்ன குற்றம் என்று ஆசிரியர்கள் கேட்கலாம். யந்திரத்தில் நொடிக்கு 100 முறை ஒழுங்காக நிகழும் வேலை வேறேதேனும் இருப்பின், இரண்டும் ஒத்திசைந்து, ஒரே வகைக் காட்சியே திரும்பத் திரும்பப் பதிவாகிவிடும். அதனைத் தவிர்க்கவே எண்ணில் ஒன்று குறைக்கப்படுகின்றது. இவ்வாறு ஒரு நிமிடத்தில் ஒரு செயலிக்கு 5,940 மாதிரிகள் கிடைக்கின்றன.

ஆயினும் செயற்கூறின் பெயர் மட்டும் போதாது. நினைவகத்தின் ஒரு பகுதியை மற்றொரு பகுதிக்குப் பெயர்த்தெழுதும் சிறு செயற்கூறொன்றில் நூற்றுக்கு முப்பது பங்கு நேரம் செலவாகின்றது என்று அளவை காட்டுவதாகக் கொள்வோம். அச்செயற்கூறை நூறு இடங்களிலிருந்து அழைக்கிறார்கள். குற்றவாளி எந்த இடம்? யார் அழைத்தார், அவரை யார் அழைத்தார் என்று தொடக்கம் வரை காட்டும் வரிசை வேண்டும். அவ்வரிசையே அடுக்குத் தடம் எனப்படும்.

சீட்டுகளின் அடுக்கு

தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் கோப்பொன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு விவரம் தேவைப்படுகின்றது. ‘பன்னிரண்டாம் பக்கத்திற்குத் திரும்புக’ என்று ஒரு சீட்டெழுதி மேசைமேல் வைத்துவிட்டு நில அளவைப் பிரிவின் பதிவேட்டைத் திறக்கிறார். அங்கே மற்றொரு ஐயம் எழவே, அப்பதிவேட்டின் பக்க எண்ணைக் குறித்த இரண்டாம் சீட்டை முதற்சீட்டின்மேல் வைத்துவிட்டு மூன்றாவது பதிவேட்டிற்குச் செல்கிறார். வேலை முடிந்ததும் மேலுள்ள சீட்டை எடுத்துப் பார்த்து அந்த இடத்திற்குத் திரும்புகிறார். பின்னர் அடுத்த சீட்டு. கணிப்பொறி செய்வதும் இதுவே. ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போது, திரும்ப வேண்டிய கட்டளையின் முகவரி அடுக்கு எனப்படும் நினைவகப் பகுதியில் வைக்கப்படுகின்றது. கெர்னலில் ஒவ்வொரு பணிக்கும் இதற்கென 16 கிலோபைட்டு இடம், அறுபத்து நான்கு பிட்டு இன்டெல் வகைக் கணிப்பொறிகளில், 2014 முதல் ஒதுக்கப்பட்டு வருகின்றது.

எழுத்தர் எங்கிருந்து தொடங்கினார் என்று அறிய விரும்பும் தணிக்கையாளர், மேசைமேலுள்ள சீட்டுகளை மேலிருந்து கீழாகப் படித்தால் போதும். ஆனால் உண்மையான அடுக்கில் சீட்டுகள் மட்டும் இருப்பதில்லை. தற்காலிக எண்கள், இடைவிடைகள், சேமித்த பதிவக மதிப்புகள் எல்லாம் இடையிடையே கலந்து கிடக்கும். எது சீட்டு, எது வெறுங்காகிதம் என்று எழுதியிராது. இவற்றினின்று சீட்டுகளைப் பிரித்தெடுக்கும் கலையே அடுக்கைப் பின்னோக்கிப் பிரித்தல் என்பது.

இதற்கு மிகப் பழைய முறை, சட்டகச் சுட்டி என்னும் பதிவகத்தை ஒதுக்கி வைப்பதாகும். ஒவ்வொரு செயற்கூறும் தொடங்கியவுடன் முந்தைய சுட்டியை அடுக்கில் வைத்து, புதிய சுட்டியை நிறுவுகின்றது. சங்கிலியின் வளையங்களைப் போல் ஒன்று மற்றொன்றைக் காட்டுவதால் தணிக்கையாளருக்குத் தொல்லையில்லை. ஆனால் அதற்கு விலையுண்டு. கெர்னலின் நிரற்பகுதி இதனால் நூற்றுக்கு 3.2 பங்கு பெருத்தது. சில வகை வேலைகளில் 5 முதல் 10 விழுக்காடு வரை வேகம் குறைந்ததாக மெல் கோர்மன் என்னும் நிபுணரின் அளவைகள் காட்டின. வேகத்தை அளப்பதற்காகவே வேகத்தை இழப்பது விந்தையான வாணிகம்! மேலும் ஒரு சிறு குறை: செயற்கூறு தொடங்கிய முதற்கட்டளையிலேயே மாதிரி எடுக்கப்பட்டால், புதிய சுட்டி இன்னும் நிறுவப்பட்டிராது. அப்போது நேரே அழைத்தவரின் பெயர் விட்டுப்போய், அவரை அழைத்தவரின் பெயரே பதிவாகும்.

சுட்டியை நீக்கிவிட்டு, எந்தக் கட்டளையில் நின்றால் திரும்பு முகவரி அடுக்கில் எத்தனை பைட்டு தள்ளிக் கிடைக்கும் என்ற அட்டவணையைத் தனியே எழுதி வைப்பது இரண்டாம் முறை. நிரலை யந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே ‘டுவார்ஃப்’ என்னும் வடிவில் இவ்வட்டவணையைத் தருகின்றது. இதனைப் படிக்கும் பகுதி 2006இல் கெர்னலில் சேர்க்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் அவர்களால் நீக்கப்பட்டது. காரணம் எளிது. யந்திரம் நிலைகுலைந்த வேளையில் அதன் காரணத்தைக் கூறவேண்டிய தணிக்கையாளரே சிக்கலான அட்டவணையில் இடறி விழுந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

மூன்றாம் முறை ‘ஆர்க்’ எனப்படுவது. ஜாஷ் பாய்ம்போஃப் என்பவர் அமைத்த இம்முறை 2017 நவம்பரில் வெளிவந்த 4.14 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. கெர்னலைக் கட்டும்போதே ‘ஆப்ஜ்டூல்’ என்னும் கருவி யந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எளிய அட்டவணையொன்றை வரைந்துவிடுகின்றது. அதனை முகவரி வரிசைப்படி தேடினால் விடை உடனே கிட்டும். டுவார்ஃப் முறையைவிட இது சுமார் 20 மடங்கு வேகமுள்ளதென அளந்து கண்டனர். நினைவகம் மட்டும் ஒன்றரை மடங்கு வேண்டும். வழக்கமான அமைப்பில் அந்த வேறுபாடு 1.3 மெகாபைட்டு அளவே. நிரற்கோப்பின் வடிவத்திற்கு ‘எல்ஃப்’ என்றும், அட்டவணைக்கு ‘டுவார்ஃப்’ என்றும் ஆங்கிலக் கதைகளில் வரும் வனதேவதை, குள்ளர் ஆகியோரின் பெயர்களை முன்னோர் வைத்திருந்தனர். அவ்விருவரின் பகைவராகிய அரக்கரின் பெயரை ஜாஷ் தம் முறைக்கு வைத்தார். தமிழில் பெயர்த்தால் இவ்விகடத்தின் சுவை போய்விடும்.

பெங்களூரில் எழுந்த ஆய்வுமுறை

இனி நம் நாட்டினர் ஈடுபட்ட பகுதிக்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை நிறுத்தாமல், அதன் எந்தக் கட்டளையிலும் ஓர் ஆய்வுமுனையை நுழைத்து, அங்கு நடப்பதை அறிய உதவும் அமைப்புக்குக் ‘கேப்ரோப்ஸ்’ என்று பெயர். அதன் மூலநிரலின் முகப்பிலேயே வரலாறு குறிக்கப்பட்டிருக்கின்றது. 2002 அக்டோபரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த வம்சி கிருஷ்ணா இதனை முதலில் உருவாக்கினார். 2004இல் சுபர்ணா பட்டாச்சார்யாவும், அந்நிறுவனத்தின் பெங்களூர் மென்பொருள் கூடத்தைச் சேர்ந்த பிரசன்னா பஞ்சமுகியும் இதனை விரிவுபடுத்தினர். அவ்வாண்டு அக்டோபரில் 2.6.9 ஆம் பதிப்பின் வழியே உலகெங்கும் சென்றது.

இது இயங்கும் விதம் எளிது. ஆராய வேண்டிய கட்டளையின் முதற்பைட்டை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ‘நிற்க’ என்னும் பொருளுடைய ஒரு பைட்டுக் கட்டளை வைக்கப்படுகின்றது. செயலி அங்கு வந்ததும் குறுக்கீடு நேர்ந்து, ஆய்வாளரின் செயற்கூறு இயங்குகின்றது. பின்னர் எடுத்து வைத்த மூலக்கட்டளை நிறைவேற்றப்பட்டு, வேலை தொடர்கின்றது.

2005 மே மாதத்தில் ஹியன் நுவென், ஜிம் கெனிஸ்டன், பிரசன்னா பஞ்சமுகி ஆகிய மூவரும் இதனோடு மற்றொரு வசதியைச் சேர்த்தனர். செயற்கூறு தொடங்கும் இடத்தை ஆராய்ந்தாயிற்று. அது முடியும் இடத்தையும் ஆராய வேண்டாமா? எவ்வளவு நேரம் எடுத்தது, என்ன விடையுடன் திரும்பிற்று என்று அறிய அதுவே வழி. ஆனால் ஒரு செயற்கூறுக்கு வாயில் ஒன்றேயாயினும், வெளியேறும் வழிகள் பலவாக இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஆய்வுமுனை வைப்பதற்குப் பதிலாக அவர்கள் நுட்பமான உபாயமொன்றைக் கையாண்டனர். செயற்கூறு தொடங்கும்போதே, அடுக்கின் மேலுள்ள சீட்டை எடுத்துத் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ‘முதலில் என்னிடம் வருக’ என்னும் தங்கள் சீட்டை அவ்விடத்தில் வைத்துவிடுவர். செயற்கூறு எவ்வழியே முடிந்தாலும் அவர்களிடமே வந்தாக வேண்டும். வந்ததும் வேண்டியதைக் குறித்துக்கொண்டு, குறிப்பேட்டிலுள்ள உண்மை முகவரிக்கு அனுப்பிவிடுவர். இவ்வாறு இடையில் நின்று திருப்பிவிடும் சிறு நிரலுக்கு ட்ராம்போலின் என்பது பெயர், துள்ளுமேடை எனலாம். இவ்வகை ஆய்வு ‘கேரெட்ப்ரோப்’ எனப்படுகின்றது.

பிழை எங்கே?

வாசகர் இதற்குள் ஊகித்திருக்கலாம். எழுத்தருக்கு இச்சீட்டு மாற்றத்தால் யாதொரு தீங்கும் இல்லை. அவர் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிடுகிறார். தீங்கு தணிக்கையாளருக்கே. அவர் சீட்டுகளைப் படித்துக்கொண்டு வருகையில், அழைத்தவரின் பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் ட்ராம்போலினின் முகவரியே இருக்கின்றது. ட்ராம்போலின் எவரையும் அழைத்ததில்லை. அதனை எவரும் அழைத்ததுமில்லை. ஆகவே அட்டவணையில் அதற்குத் தக்க குறிப்பு இராது. பிரிக்கும் முறையைப் பொறுத்து, ஒன்று தடம் அவ்விடத்தோடு அறுந்துவிடும். அல்லது உண்மையில் அழைத்தவரின் பெயருக்குப் பதிலாக ட்ராம்போலினின் பெயரே ஏட்டில் ஏறிவிடும்.

இதனை வடிவமைத்தோரின் கவனக்குறைவு என்று கொள்வது நியாயமாகாது. 2005ஆம் ஆண்டில் பெர்ஃப் பிறக்கவில்லை. அடுக்குத் தடம் என்பது பெரும்பாலும் யந்திரம் வீழ்ந்தபின் எடுத்துப் பார்க்கும் பிரேத பரிசோதனையாகவே இருந்தது. ஆய்வுமுனையையும் தடத்தையும் ஒரே வேளையில், ஓடும் யந்திரத்தில், நொடிக்குப் பல முறை உபயோகிக்கும் பழக்கம் பிற்காலத்தில் வந்தது. 2011இல் பிரெண்டன் கிரெக் வகுத்த தழல் வரைபடம் இப்பழக்கத்தைப் பரப்பிற்று. ஆயிரக்கணக்கான தடங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, நேரத்திற்கேற்ற அகலத்துடன் வரைவது அது. தடங்கள் நடுவில் அறுந்தால் ஒரே தழலாக எழ வேண்டியது அடியற்ற துண்டுகளாகச் சிதறும். ஆராய்பவர் அத்துண்டுகளைத் தனி வேலைகளாக எண்ணி, குற்றமற்ற பகுதியைத் திருத்துவதில் நாட்களைச் செலவிடுவார். அறுந்த தடமாவது அறுந்ததென்று தெரியும். வேறு பெயர் ஏறிய தடம் ஒழுங்கானது போலவே தோன்றுமாதலின் அதுவே அதிக ஆபத்தானது.

விளைவு அளவையோடு நிற்பதுமில்லை. யந்திரத்தை நிறுத்தாமலே கெர்னலின் செயற்கூறுகளை மாற்றும் நேரடித் திருத்த முறை 2015 முதல் லினக்ஸில் உண்டு. பழைய செயற்கூறுக்குள் எந்தப் பணியும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டே ஒரு பணியைப் புதியதற்கு மாற்றும் ஒழுங்கு 2017இல் வந்தது. அவ்வுறுதியைத் தருவது அடுக்குத் தடமே. இங்குப் பொய்த்தடம் கிடைத்தால், பழையதன் நடுவில் நிற்கும் பணியைப் புதியதற்கு மாற்றிவிடும் விபரீதம் நேரும். பவர் வகைக் கணிப்பொறிகளுக்கான கெர்னலில், ட்ராம்போலின் காணப்படும் தடத்தை நம்பத்தகாதது என்று ஒதுக்குமாறே எழுதினர். அஃது எச்சரிக்கையான தீர்ப்பு; ஆயினும் ஆய்வுமுனை உள்ளவரை அப்பணியின் திருத்தம் காத்திருக்க வேண்டியதே.

திருத்திய விதம்

2021இல் ஜப்பானியரான மசாமி ஹிரமட்சு இதற்கான திருத்தத் தொகுதியை எழுதினார். உண்மை முகவரி எங்கும் தொலைந்து போகவில்லை. குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கின்றது. ஆகவே தணிக்கையாளர் ட்ராம்போலினின் சீட்டைக் கண்டதும் அதனை அப்படியே எழுதிக்கொள்ளாமல், அப்பணியின் குறிப்பேட்டைத் திறந்து உண்மை முகவரியைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே கருத்து. செயற்கூறுகளின் அழைப்பை வரைபடமாகக் காட்டும் வேறொரு கருவியும் சீட்டை மாற்றுவதுண்டு. அதற்கு இத்தகைய ஏற்பாடு முன்னரே இருந்தது. கேரெட்ப்ரோபுக்குத்தான் இல்லாதிருந்தது.

கருத்து எளிதாயினும் நிறைவேற்றுவதில் இரண்டு முட்டுகள் இருந்தன. ஒரே அடுக்கில் ட்ராம்போலினின் சீட்டுகள் பல இருக்கக்கூடும். ஆராயப்படும் செயற்கூறு தன்னையே மீண்டும் அழைத்தாலோ, ஆராயப்படும் வேறொன்றை அழைத்தாலோ அவ்வாறு நேரும். சீட்டுகள் யாவும் ஒரே முகவரியைக் கொண்டவை. ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிய எழுத்தில் அடையாளம் இல்லை. எனவே ஒவ்வொரு சீட்டும் அடுக்கில் எவ்விடத்தில் வைக்கப்பட்டது என்பதைக் குறிப்பேட்டிலுள்ள இடக்குறிப்போடு ஒப்பிட்டு, சென்ற முறை எதுவரை படித்தோம் என்பதையும் நினைவில் வைத்துத் தேடும் செயற்கூறு அமைக்கப்பட்டது.

இரண்டாவது முட்டு, செயற்கூறு முடிந்து ட்ராம்போலினுக்குள் வந்தபின் தடம் எடுக்கப்படுவது. திரும்பும் கட்டளையே சீட்டை எடுத்துவிட்டமையால், அடுக்கில் அப்போது சீட்டே இல்லை! ஆய்வாளரின் செயற்கூறு இயங்குவது இந்நேரத்திலேயாதலின், அதனுள்ளிருந்து தடம் எடுப்போருக்கு இது தவறாமல் நேரும். இதற்காக ட்ராம்போலின் தன் நுழைவிலேயே, தான் வழக்கம்போல் அழைக்கப்பட்டது போன்று, போலிச் சீட்டொன்றை அடுக்கில் வைக்குமாறு மாற்றப்பட்டது. இது சாதாரணச் செயற்கூறு போன்றதே என்னும் குறிப்பும் ஆர்க் அட்டவணைக்குத் தரப்பட்டது. பிறகு உண்மை முகவரி அப்போலிச் சீட்டின் இடத்தில் எழுதப்படுகின்றது. இன்டெல் வகைக் கணிப்பொறிகளுக்கான இத்திருத்தங்கள் 2022 ஜனவரி 9 அன்று வெளியான 5.16 ஆம் பதிப்பில் இடம்பெற்றன. பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக மறைந்திருந்த பள்ளம் அவ்வாறு நிரப்பப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 3.3 பெட்டாஃபிளாப் ஆற்றலுடைய ‘பரம் பிரவேகா’ இயங்கத் தொடங்கியது தற்செயலாயினும், இத்தகைய யந்திரங்களில் வீணாகும் நேரத்தின் விலையை எண்ணிப் பார்க்க அது பொருத்தமான சான்றாகும்.

கெர்னலுக்கு வெளியேயுள்ள பயனர் நிரல்களின் தடம் இன்னும் முழுதாகச் சீர்படவில்லை. ஆர்க் அட்டவணை கெர்னலுக்கு மட்டுமே உரியது. பயனர் நிரலில் டுவார்ஃப் முறையைக் கையாள விரும்பினால், பெர்ஃப் ஒவ்வொரு மாதிரிக்கும் அடுக்கில் 8,192 பைட்டை அப்படியே பெயர்த்தெடுத்து வைத்து, பின்னர் பிரிக்கின்றது. நொடிக்கு 99 மாதிரி என்றால் ஒரு செயலிக்கே எட்டு இலட்சம் பைட்டுக்கு மேலாகும். இச்சுமையை விரும்பாத ஃபெடோரா நிறுவனத்தார் 2023இலும், உபுண்டுவினர் 2024இலும், சிறிது வேகத்தை இழந்தாலும் பாதகமில்லை என்று தங்கள் தொகுப்புகளில் பழைய சட்டகச் சுட்டியையே மீண்டும் ஏற்றுக்கொண்டனர். மறுபுறம், ஆர்க்கைப் போன்ற எளிய அட்டவணையைப் பயனர் நிரல்களுக்கும் வழங்கும் ‘எஸ்ஃபிரேம்’ என்னும் வடிவம் 2023 ஜனவரியில் பின்யூடில்ஸ் கருவித் தொகுதியின் 2.40 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

பள்ளியின் கணிப்பொறிக் கூடத்தில் லினக்ஸ் இருக்குமாயின், ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு நேரில் காட்டலாம். ஒன்றையொன்று அழைக்கும் மூன்று செயற்கூறுகளைக் கொண்ட சிறு நிரலை எழுதி, சட்டகச் சுட்டியுடன் ஒருமுறையும், அஃதின்றி ஒருமுறையும் கம்பைலரிடம் தந்து, இரண்டையும் பெர்ஃப் கொண்டு அளக்க வேண்டும். முதலாவதில் மூன்று பெயர்களும் வரிசையாக நிற்கும். இரண்டாவதில் கடைசிப் பெயருக்குப் பின் வரிசை பெரும்பாலும் அறுந்தோ பொருளற்ற எண்களாகவோ காணப்படும். கம்பைலரின் மேம்படுத்தும் வேலையால் சிறு செயற்கூறுகள் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி, ஒவ்வொன்றிலும் சற்று நீண்ட கணக்கொன்றை வைத்து, அவை தனித்தே நிற்க வேண்டும் என்னும் குறிப்பையும் நிரலில் சேர்த்துக்கொள்வது நலம்.